மாப்பிள்ளை வண்டி, என் பேரில்

கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் எங்கள் வீட்டு மாப்பிள்ளையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவரைப் பற்றி என்னால் மனதாரச் சொல்ல முடிகிற நல்ல விஷயம் இது ஒன்றுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக மறந்துவிடலாம்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சியின் புருஷன். பேர் வேண்டாம். திண்டிவனம் போகிற வழியில் ஒரு ஊர்க்காரர். வயதில் என்னைவிட மூன்று மாதம் இளையவர். ஆனாலும் அவர் என்னை நீ என்பார், நான் அவரை நீங்க என்பேன். பெண் கொடுத்த வீட்டுக்காரன் நிற்க வேண்டிய இடம் அதுதான். இத்தனை நடந்த பிறகும் ‘அவன்’ என்று எழுதிப் பார்க்கிறேன், கை வரமாட்டேன் என்கிறது.

அவரிடம் வண்டி கற்றுக்கொண்டபோது எனக்கு முப்பது வயது. மரக்காணத்து உப்பளத்தில் பதினோரு வருஷமாக வேலை. காலை நான்கு மணிக்கு இறங்கி, வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் உப்பை வாரி வரப்பில் குவிக்க வேண்டும். வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரியும். பாதத்தில் வெடிப்பு ஆறுவதற்குள் அடுத்த வெடிப்பு வந்துவிடும். இதிலிருந்து வெளியே போக எனக்குத் தெரிந்த ஒரே வழி டிரைவர் வேலை. எங்கள் தெருவில் இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். பாண்டிச்சேரிப் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டினார்கள். சட்டையை இன் பண்ணிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். எனக்கோ சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

இதில் வேடிக்கை, வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தோம். அது தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு நாங்கள் கொடுத்த சீர். ஷோரூமில் எழுதும்போது அவருடைய ஆதாரில் பழைய விலாசம் இருந்தது. “இப்ப உன் பேர்ல போட்டு எடு மச்சான், அப்புறம் மாத்திக்கலாம்” என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. வண்டி என் பேரில், ஓட்டுவது அவர். எனக்கு அதை நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டு போடக்கூடத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே கேட்டார். “ஏம்பா மச்சான், எத்தினி நாளைக்கு சைக்கிள்லயே போவ? வா, நான் கத்துத் தரேன்.”

உப்பு லாரி வந்து நிற்கிற மைதானத்துக்குக் கூட்டிப்போனார். என்னை முன்னால் உட்காரவைத்து அவர் பின்னால் உட்கார்ந்தார். கையைப் பிடித்துக் காட்டவில்லை, கத்தவில்லை. என் காதுக்குப் பின்னாலிருந்து நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தார்.

“கிளட்ச மொத்தமா விடாத. பாதி விட்டு நில்லு. வண்டி லேசா முன்னாடி இழுக்கும் பாரு, அப்ப மீதிய விடு. அவசரமே கெடையாது.”

அன்றைக்கு மட்டும் முப்பது தடவையாவது வண்டியை ஆஃப் பண்ணியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு காரணம் சொன்னார். வண்டி சூடாயிருக்கு. கேபிள் டைட்டா இருக்கு, உப்புக்காத்து. பெட்ரோல் சரியில்ல. ஒரு தடவைகூட ‘உனக்கு வரலை’ என்று சொல்லவில்லை. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். தப்பு என்று ஒன்று நடந்தால் அதைக் கையிலேயே வைத்திருக்காமல் உடனே எதன் மேலாவது இறக்கிவைத்துவிடுகிற பழக்கம் அது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு அவர் பெட்ரோலின் மேல் இறக்கினார், எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாவது வாரம் இரண்டாம் கியர் வந்துவிட்டது. நான்காவது வாரம் வளைவு கற்றுக்கொடுக்கிறேன் என்று அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். மைதானத்தைச் சுற்றிவிட்டு உப்பளத்து வரப்பில் ஏற்றினார்.

அது பொங்கல் முடிந்த சமயம். உப்பு எடுக்கிற காலம் தொடங்குவதற்கு முன்னால் பாத்தியைத் தயார் பண்ண வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு, களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். பத்துப் பேர் வரிசையாக, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, குதிகாலால் மிதிப்போம். ஒரு பாத்திக்கு நாலைந்து நாள் ஆகும். மிதித்து முடித்த பாத்தி பளபளவென்று சிமெண்டு தரை போல இருக்கும். உப்பளத்தில் வேலை செய்கிற யாரும் அதில் செருப்புக் காலைக்கூட வைக்கமாட்டோம். அடியில் ஈரம் காய்ந்திருக்காது. ஒரு பள்ளம் விழுந்தால் அந்த இடத்தில் சேறு கலந்து உப்பு கறுக்கும்.

வரப்பு குண்டும் குழியுமாக இருந்தது. பாத்தி வழவழவென்று இருந்தது. மாப்பிள்ளை நல்ல ரோடு கிடைத்த சந்தோஷத்தில் வண்டியைப் பாத்திக்குள் இறக்கினார். “மாப்ள, வேணாம்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நடுப்பாத்தி வந்துவிட்டது. பின்சக்கரம் புதைந்தது. அவர் ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க, அது தோண்டிக்கொண்டே போனது. நாலு நாள் மிதிப்பு நாலு நிமிஷத்தில் உழுத நிலம் ஆனது.

தூரத்தில் மேஸ்திரியும் பின்னால் ஆட்களும் ஓடிவருவது தெரிந்தது. மாப்பிள்ளை இறங்கினார். வண்டி சாயாமல் இருக்க, “புடி மச்சான்” என்றார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். மேஸ்திரி வந்து சேர்ந்தபோது வண்டி என் கையில் இருந்தது.

“மச்சான் புதுசுங்க, இப்பதான் கத்துக்கறான். தெரியாம எறக்கிட்டான். நான் பின்னாடியிருந்து கத்தறேன், அவனுக்குக் காதுல வுழல” என்றார் மாப்பிள்ளை. சொன்ன விதத்தில் என் மேல் கோபமே இல்லை. எனக்காக மன்னிப்புக் கேட்கிற குரல்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். “ஏன்டா, பதினோரு வருசமா பாத்தியில நிக்கற, ஒனக்கு இது தெரியாதா?”

வாயைத் திறந்தால் பத்துப் பேர் முன்னால் தங்கச்சி புருஷனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். திறக்கவில்லை. மறுநாளிலிருந்து மூன்று நாள் அந்தப் பாத்தியை மறுபடி மிதித்தோம். என்னோடு நின்ற பெண்கள் யாரும் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மாப்பிள்ளை ஒரு பை நிறைய வடையும் தூக்கில் டீயும் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். “மச்சான் பண்ணத மனசுல வச்சிக்காதீங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எவ்வளவு தங்கமான மாப்பிள்ளை உங்களுக்கு என்று என் அம்மாவிடமே வந்து சொன்னார்கள்.

இப்படிப்பட்ட ஆளை வெறுப்பது சுலபம் என்று தோன்றும். சுலபம் இல்லை. குடிக்கமாட்டார். தங்கச்சியைக் கைநீட்டி அடித்ததில்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் பந்தல் போட முதலில் போய் நிற்பார். அவர் சிரித்தால் எதிரில் இருப்பவனும் சிரித்துவிடுவான். கெட்ட எண்ணத்தோடு அவர் எதையும் செய்ததாக எனக்குத் தெரியாது. தன் மேல் ஒரு தப்பு வந்து உட்காருவதை அவரால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

அவர் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஒரு கையில் போன். குழந்தை சரிந்து விழுந்து தாடையில் நாலு தையல். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது குழந்தை கட்டோடு உட்கார்ந்திருந்தது. என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, “நான்தான் மாமா ஆடிட்டேன்” என்றது. அவர் அதன் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் லைசென்ஸ் எடுக்க அவரோடுதான் போனேன். திண்டிவனம் ஆர்டிஓ ஆபீஸில் வண்டியால் எட்டு போடச் சொன்னார்கள். கால் ஊன்றாமல் போட்டேன். அவர் வெயிலில் தண்ணீர் பாட்டிலோடு நின்று, நான் இறங்கியதும் கட்டிப்பிடித்தார். அவரிடம் லைசென்ஸ் கிடையாது. “நீங்களும் எடுத்திடலாமே மாப்ள” என்றேன்.

“எனக்கெதுக்கு மச்சான்? அதான் உன்கிட்ட இருக்குல்ல” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நான் உண்மையிலேயே சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. கார் லைசென்ஸ், அதற்குப் பிறகு வாடகை வண்டி ஓட்டுகிற பேட்ஜ். இரண்டு வருஷம், உப்பு வாரிவிட்டு மத்தியானத்தில் கற்றுக்கொண்டது. பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஓட்டிக் காட்டினேன், பிடித்துப்போனது. போலீஸ் சர்டிபிகேட் மட்டும் வாங்கிக்கொண்டு ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள். நான் இரண்டு பேண்ட் தைக்கக் கொடுத்தேன்.

அந்த வாரம்தான் மாப்பிள்ளை கூனிமேட்டில் ஒரு ரொட்டிக்கார பாயை இடித்தார்.

சாயங்காலம் ஐந்து மணி. பாய் சைக்கிளில் பன்னும் ரொட்டியும் விற்கிறவர், அறுபது வயது. ஈசிஆர் ரோட்டைக் கடக்கும்போது மாப்பிள்ளை வேகமாக வந்து அடித்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு மாப்பிள்ளை நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே தங்கச்சியும் குழந்தையும்.

“மச்சான், வண்டி உன் பேர்ல. லைசென்ஸ் உன்கிட்ட. நீ ஓட்டுனதா சொல்லிட்டா இன்சூரன்ஸ்காரன் பாயிக்குக் குடுத்துருவான். நான்னு சொன்னா லைசென்ஸ் இல்ல, ஒத்தப் பைசா வராது. பாவம், வயசானவரு” என்றார். சற்றுப் பொறுத்து, “லைசென்ஸ் இல்லாதவனுக்கு ஏன் வண்டி குடுத்தேன்னு உன்னையும்தான் கேப்பாங்க” என்றார். இதையும் என் நல்லதுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

“எனக்கு ஒண்ணாந்தேதி வேலைங்க மாப்ள” என்றேன்.

“இது சின்ன கேசு. ஃபைன் போட்டு விட்டுருவான். நான் இருக்கேன்ல.”

அம்மா குறுக்கே வந்தாள். “மாப்ள ஸ்டேசன்ல போயி உக்காந்தா நாளைக்கு இவள எவன்டா மதிப்பான்? அண்ணன்னு நீ எதுக்குடா இருக்க?”

தங்கச்சி கதவோரம் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எங்கே பிரேக் பிடித்தேன், எத்தனையாவது கியரில் வந்தேன் என்று கேட்டார்கள். நாலாவது கியர் என்றேன். மாப்பிள்ளை வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். சொல்லிக்கொடுப்பதில்தான் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லையே.

பாயைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப் பழப் பையை வைத்துவிட்டு, நான்தான் இடித்தவன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ இல்ல தம்பி.”

நான் பழப் பையைக் கட்டிலடியில் தள்ளிவைத்தேன்.

“அவன் மூஞ்ச நான் கிட்டக்கப் பாத்தேன். என்னைத் தூக்கி உக்கார வச்சான், தண்ணி குடுத்தான். ‘பாத்து வரக்கூடாதா பாய்’னு எவ்ளோ அன்பா கேட்டான் தெரியுமா? எனக்கே நாமதான் பாக்காம வந்துட்டமோன்னு ஆயிடுச்சு. அவன் உனக்கு யாரு?”

“தங்கச்சி வூட்டுக்காரருங்க பாய்.”

பாய் கண்ணை மூடிக்கொண்டார். “எனக்கும் ரெண்டு தங்கச்சி இருக்காங்கப்பா. போ. நான் எதும் சொல்லல. அல்லா பாத்துக்குவான்.”

அவர் கடைசிவரை எதுவும் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் வந்தது. ஆனால் அவர் மறுபடி சைக்கிளில் ஏறவில்லை. கோர்ட்டில் நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன், அபராதம் கட்டினேன், லைசென்ஸை ஆறு மாதம் முடக்கினார்கள். அதற்கு முன்னாலேயே, ஒன்றாம் தேதி, பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் மேடம், “உங்க டிரைவிங் நல்லாதான் இருந்துச்சு. ஆனா குழந்தைங்க விஷயம், கேஸ் இருக்கறவங்கள எப்படி எடுக்கறது?” என்றார். அவர் கேட்டது நியாயம். நான் திரும்பி வந்து மறுநாள் காலை நான்கு மணிக்குப் பாத்தியில் இறங்கினேன். தைத்த பேண்ட் இரண்டையும் வாங்கவே போகவில்லை.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்தில் பார்த்தாலும் மாப்பிள்ளை என் தோளில் கைபோட்டுக்கொண்டு சொந்தக்காரர்களிடம் சொல்வார். “மச்சானுக்கு நான்தான் வண்டி கத்துக்குடுத்தேன். அப்பவே சொன்னேன், ஈசிஆர்ல வேகம் வேணாம்னு. என்ன பண்றது, நேரம்.” முதலில் நடிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் கண்ணைப் பார்த்தேன், அதில் என் மேல் நிஜமான இரக்கம் இருந்தது. அவருக்குள் அந்த விபத்தை நான்தான் செய்திருந்தேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் தங்கச்சியிடம் கொட்டிவிட்டேன். “எல்லாம் உனக்காகத்தான் பண்ணேன். நீ நல்லா இருக்கணும்னுதான் என் பொழப்பக் கெடுத்துக்கிட்டேன்.”

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நான் கேட்டனாண்ணா?”

“நீ கேக்கலன்னா?”

“நீ முடியாதுன்னு சொல்லியிருந்தா உன் பக்கம்தான் நின்னிருப்பேன். அதுக்குதான் கதவாண்ட நின்னுக்கிட்டே இருந்தேன். நீ என் மூஞ்சியக்கூடப் பாக்கல. சட்டைய மாட்டிக்கினு கெளம்பிட்ட. இப்ப வந்து என் பேர்ல எழுதற. அவரும் இதத்தான் பண்றாரு, நீயும் இதத்தான் பண்ற.”

நான் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் போனது. மாப்பிள்ளைக்கு ஒரு வேலையும் நிலைக்கவில்லை, எல்லா இடத்திலும் முதலாளி சரியில்லை. கடைசியில் அவரும் லைசென்ஸ் எடுத்தார், பேட்ஜ் எடுத்தார். அதே பள்ளிக்கூடத்தில் டிரைவர் இடம் காலியானது. அவர் பேரில் ஒரு கேஸும் கிடையாது, போலீஸ் சர்டிபிகேட் சுத்தமாக வந்தது. தெரிந்தவர் ஒருவருடைய நம்பர் கொடுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்களாம். என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

முந்தின நாள் தங்கச்சி போன் பண்ணினாள். “அண்ணா, அந்த ஸ்கூல்லேர்ந்து கேப்பாங்க. உள்ளதச் சொல்லிடு. எனக்காகப் பாக்காத. வேற வேல தேடிக்கட்டும், புள்ளைங்க போற வண்டி இது.”

சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த மேடம்தான் கூப்பிட்டார். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

“அவர் எப்படிங்க?”

“நல்ல மனுசருங்க மேடம்.”

“டிரைவிங் எப்படி?”

“நல்லா ஓட்டுவாருங்க.”

“ஏதாவது ஆக்சிடென்ட் பண்ணியிருக்காரா? கேஸ்ல வரலன்னாலும் பரவாயில்ல, உங்களுக்குத் தெரிஞ்சு?”

அந்த அம்மாள் நல்லவர். சரியான கேள்வியைத்தான் கேட்டார். தங்கச்சி எனக்கு வழியைத் திறந்துவிட்டிருந்தாள். அம்மா பக்கத்தில் இல்லை, மாப்பிள்ளை இல்லை, யாரும் இல்லை. ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் நான் சொன்னது பொய் என்று இப்போது வெளியே வந்தால் என்னை என்ன செய்வார்கள் என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

“இல்லைங்க மேடம்” என்றேன்.

“பசங்கள நம்பி அனுப்பலாமா?”

“அனுப்பலாங்க.”

மாப்பிள்ளை சேர்ந்துவிட்டார். குடும்பத்தோடு பாண்டிச்சேரிப் பக்கமே போய்விட்டார்கள். நான் சொன்னது தெரிந்ததிலிருந்து தங்கச்சி என்னோடு பேசுவதில்லை. நான்கு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை அவ்வப்போது போன் பண்ணுவார், நான் எடுப்பதில்லை.

டீக்கடை டிவியில் ‘பள்ளி வேன்’ என்று ஓடினால் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறேன். எழுத்து நகர்ந்து ஊர்ப் பெயர் வருகிறவரை அதைத் தொடுவதில்லை. இதுவரை வேறு ஊர்ப் பெயராகத்தான் வந்திருக்கிறது.